இடது முன் டயர் உள்பக்கம் மட்டும் மொட்டை: போலோ ஜிடி டிஎஸ்ஐ, காட்பாடி

கோட்டை_அகழி | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2018 போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 டர்போ, ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். மொத்தம் 71,000 கி.மீ. ஓடியிருக்கிறது. டயர் அளவு 195/55 ஆர்16. நான்கையும் 2021-ல் ஒன்றாக மாற்றினேன். அதற்குப் பிறகு 31,000 ஓட்டியிருக்கிறேன்.

இன்று காலை காட்பாடியில் பஞ்சர் ஒட்டப் போனேன். இடது முன் சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப் போட்ட கடைப் பையன், "அண்ணா, இதுலயா பெங்களூரு போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டான். உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டனே (ரப்பர் மேடு) இல்லை. ஓரிடத்தில் கம்பி எட்டிப் பார்க்கிறது. வெளிவிளிம்பிலோ 5 மி.மீ. இருக்கிறது. தினமும் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். உள்பக்கம் குனிந்து பார்க்க யாருக்குத் தோன்றும்?

வலது முன் டயர் உள்ளே 3 மி.மீ., வெளியே 4.5. பின்னால் இரண்டும் சீராக 4.5.

கடுப்பு என்னவென்றால், நான்கு மாதம் முன்புதான் வேலூரில் ஒரு பெரிய கடையில் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்கள்) பார்த்தேன். அவர்கள் கொடுத்த தாளில் முன் டோ, பின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) எல்லாம் பச்சை, அதாவது சரி. இன்று அதே கடைக்குப் போன் செய்தால், "நாலு டயரும் மாத்திடுங்க சார், அலைன்மென்ட் ஃப்ரீயா பண்ணித் தர்றோம்" என்கிறார்கள்.

இரண்டு மாற்றவா, நான்கு மாற்றவா? கொஞ்சம் அகலமான 205 போடலாமா? எந்த கம்பெனி?

மக்கன்பேடா | ஞாயிறு, இரவு 9:52

முதலில் ஸ்டெப்னியை மாட்டு தலைவரே. கம்பி தெரிகிற டயரை வைத்துக்கொண்டு கம்பெனி விசாரிக்கிறாய்.

கோட்டை_அகழி | ஞாயிறு, இரவு 9:55

மாட்டியாகிவிட்டது. வண்டி வீட்டில்தான் நிற்கிறது.

ஏலகிரி14 | ஞாயிறு, இரவு 10:10

ப்ரோ, என் ஐ20 என் லைனிலும் இதே 195/55 ஆர்16 தான். இந்த வாய்ப்பை விடாதீர்கள், 205 போடுங்கள், கொஞ்சம் மென்மையான ரப்பராகப் பார்த்து. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் வித்தியாசம் தெரியும். பட்ஜெட் இடித்தால் இரண்டு மட்டும் வாங்கி முன்னால் போட்டுவிடுங்கள். இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கில் பெரும்பங்கு தாங்குகிறது, எல்லாம் முன்சக்கரம்தானே.

இன்னொன்று. டயருக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

மாந்தோப்பு | ஞாயிறு, இரவு 10:31

ஏலகிரி தம்பி சொன்னதில் ஜிஎஸ்டி மட்டும் சரி.

205-ல் எந்த 205 என்று சொல்லவில்லையே. 195/55 ஆர்16 டயரின் மொத்த உயரம் சுமார் 621 மி.மீ. 205/55 போட்டால் 632 ஆகும், 1.8 சதவீதம் பெரியது. 205/50 போட்டால் 611, 1.5 சதவீதம் சிறியது. இரண்டும் மாட்டிக்கொள்ளும், ஓடும். ஆனால் முதலாவதில் பிக்கப் சற்று மந்தமாகும். இரண்டாவதில், ஏற்கெனவே தாழ்வான வண்டி இன்னும் 5 மி.மீ. தாழும். சத்துவாச்சாரி உள்தெருக்களில் பாதாள சாக்கடைக்குத் தோண்டி மூடிய பள்ளங்களில் ரிம் வாங்கும் அடி தெரியுமல்லவா? கம்பெனி அளவே போதும். எடை எண் 87, வேக எழுத்து வி. அதாவது ஒரு டயருக்கு 545 கிலோ, மணிக்கு 240 கி.மீ. அதற்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

புது டயர் முன்னாலா பின்னாலா என்பதைப் பிறகு சண்டை போடலாம். அதற்கு முன் மெக்கானிக் பழைய_பானா அண்ணன் வரட்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாலாற்று_மணல் | திங்கள், காலை 6:15

காலை வணக்கம். எங்கள் அம்பாசடருக்கு அலைன்மென்ட் மெஷின் எல்லாம் கிடையாது. வாலாஜாவில் ஒரு மேஸ்திரி நான்கு ஸ்டாண்டு நட்டு, வண்டியின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து அளந்து, சக்கரத்தைத் திருப்பும் டை ராடைத் திருகுவார். முடிந்ததும் பாலாற்றுப் பாலத்தில் ஒரு ஓட்டு. ஸ்டியரிங்கில் விரல் வைக்காமல் பாலம் முழுக்க நேராகப் போகும். இப்போது லேசர், கேமரா, கலர் பிரிண்ட். டயர் மட்டும் தேய்கிறது.

மக்கன்பேடா | திங்கள், காலை 7:02

ஐயா, அந்த அம்பாசடரில் ஸ்டியரிங்கை கால் சுற்று ஆட்டினாலும் வண்டி நேராகத்தான் போகும்!

பழைய_பானா | திங்கள், காலை 7:30

தம்பி அகழி, டயர் வாங்கும் பேச்சை இரண்டு நாள் ஒத்திப்போடுங்கள். காரணம் தெரியாமல் புது டயர் போட்டால் அதையும் அதே நோய் தின்னும். பத்தொன்பது வருடமாக இந்த மெக்கானிக் ஷெட் பள்ளத்தில்தான் நிற்கிறேன், மாதத்துக்கு நாலு வண்டியாவது இப்படி வருகிறது.

டோ மட்டும் தப்பென்றால் முன்சக்கரம் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேயும். ஓடும்போது ஸ்டியரிங் தானாக நடுவை எடுத்துக்கொள்வதால், ஒரு பக்கத்துத் தப்பை இரண்டு சக்கரமும் பங்கு போட்டுக்கொள்ளும். உங்களுக்கு வலது கொஞ்சம், இடது கம்பிவரை. இடது பக்கம் ஏதோ ஒன்று ஆடுகிறது, அல்லது வளைந்திருக்கிறது, அல்லது இடம் மாறியிருக்கிறது.

மூன்று விஷயம் சொல்லுங்கள்.

வலது முன் டயரின் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளேயிருந்து வெளியே ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரியும் இருந்தால் டோ. இரண்டு திசையிலும் வழவழப்பாகச் சரிவாக இருந்தால் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மைனஸ் என்றால் மேல்பக்கம் உள்ளே சாய்வு. இடது டயரில் தடவ வேண்டாம், கம்பி கையைக் கிழித்துவிடும்.

அந்தப் பச்சைத் தாளில் டோவை விடுங்கள். முன்சக்கரக் கேம்பர் இடது வலது எவ்வளவு என்று எழுதுங்கள். எழுத்து சிறிதாக இருக்கும், ஆனால் இருக்கும்.

கடைசியாக, வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது? பிரேக் அடித்தால் என்ன செய்கிறது?

கோட்டை_அகழி | திங்கள், காலை 8:45

அண்ணா, தடவிப் பார்த்தேன். ரம்பம்தான்.

தாளில் முன் கேம்பர் இடது -1°20', வலது -0°30'. அந்த இரண்டு கட்டத்துக்கும் நிறமே இல்லை, வெறும் சாம்பல். "அட்ஜஸ்ட்மென்ட் இல்லை சார், அதைப் பார்க்காதீங்க" என்று கடையில் சொன்னார்கள்.

இழுப்பு எதுவும் இல்லை. நெடுஞ்சாலையில் கையை எடுத்தாலும் நேராகப் போகிறது. ஆனால் இப்போது யோசித்தால், கிரீன் சர்க்கிள் சிக்னலில் கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடித்தால் கீழே 'கடக்' என்று ஒரு சத்தம் வரும், மூக்கு இடது பக்கம் துளி துள்ளும். பிரேக் பேட் புதிது, அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மாந்தோப்பு | திங்கள், காலை 9:05

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டாமா!

பழைய_பானா | திங்கள், மதியம் 1:20

இப்போது சாப்பாட்டு நேரம், அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

கேம்பர் இரண்டையும் கூட்டுங்கள். -1°50'. அதில் பாதி -0°55'. இடது பக்கம் எவ்வளவு கூடியதோ அவ்வளவே வலது பக்கம் குறைந்திருக்கிறது. பள்ளத்தில் விழுந்து ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் தூண்) வளைந்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் மாறும், மறுபக்கம் தன் கணக்கிலேயே நிற்கும். இப்படி ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால், சக்கரங்களைக் கீழே பிடித்திருக்கும் இரண்டு லோயர் ஆர்மையும் தாங்கும் சப்ஃப்ரேம் என்கிற சட்டமே ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கியர்பாக்ஸ் எப்போதாவது இறக்கினீர்களா?

இழுப்பு இல்லை என்றீர்கள். அதில் ஏமாற வேண்டாம். கேம்பர் குறைவாகச் சாய்ந்த பக்கத்துக்கு வண்டி இழுக்கும், உங்களுக்கு வலது பக்கம். நம் சாலைகள் தண்ணீர் வடிய இடது பக்கம் சரிந்திருக்கும், அது வண்டியை இடது பக்கம் தள்ளும். இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வதால் உங்களுக்கு நேராகப் போகிற மாதிரி இருக்கிறது. பள்ளிகொண்டா டோல்கேட்டை ஒட்டிச் சரிவில்லாத தளம் இருக்கும். அங்கே மெதுவாகப் போகும்போது கையைத் தளர்த்திப் பாருங்கள்.

ஆனால் இந்தக் கேம்பர் தனியாக ஒரு டயரைக் கம்பிவரை தின்னாது. ரம்பப் பல் டோவைக் காட்டுகிறது. டோவோ தாளில் பச்சை. அந்தப் பச்சை நிற்கிற வண்டிக்கு. 'கடக்' என்கிறதே, அது இடது லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ் கிழிந்த சத்தம் என்று நினைக்கிறேன். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படும், ஆர்ம் நகரும், இடது சக்கரம் வெளியே பார்க்கும். அதனால்தான் மூக்கு இடது பக்கம் துள்ளுகிறது. பிரேக்கை விட்டால் ஆர்ம் திரும்பி வந்து உட்காரும். மெஷினில் ஏற்றினால் நல்ல பிள்ளை.

பாலாற்று_மணல் | திங்கள், மதியம் 2:10

நன்றாகச் சொன்னீர்கள். ஒரு சந்தேகம். டோ என்பது கொஞ்சூண்டு கோணம்தானே, அது எப்படி இவ்வளவு தின்னும்?

மாந்தோப்பு | திங்கள், மாலை 6:40

கணக்குப் போட்டுப் பார்க்கலாம் ஐயா. ஒரு சக்கரம் 20 நிமிடம், அதாவது மூன்றில் ஒரு பாகை, கோணலாக நிற்கிறது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஒரு கிலோமீட்டர் உருளும்போது அந்த டயர் கிட்டத்தட்ட 6 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படும். இங்கிருந்து சென்னை 140 கி.மீ. போய்ச் சேர்வதற்குள் 800 மீட்டருக்கு மேல். நம் ஊர் மே மாதத் தாரில் ரப்பரை அவ்வளவு தூரம் குறுக்கே இழுத்தால் என்ன மிஞ்சும்?

இன்னொரு சொந்தக் கதை. என் ஆக்டேவியா விஆர்எஸ்ஸுக்குப் பின்னால் மல்டி லிங்க், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிக் கைகள். பின்சக்கரத்துக்கும் டோ, கேம்பர் இரண்டும் திருப்ப போல்ட் உண்டு. ஒரு கடையில் மெஷினில் வேறு ஆக்டேவியாவைத் தேர்ந்தெடுத்து, பின்பக்கம் தொடாமல், எல்லாம் பச்சை என்று அனுப்பிவிட்டார்கள். தாளின் மேலே மாடல் பெயரை நான்தான் வீட்டில் வந்து படித்தேன். அகழி, உங்கள் போலோவுக்குப் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை பீம், அங்கே திருப்ப எதுவும் இல்லை. ஆனாலும் அளக்கச் சொல்லுங்கள். பீம் கோணலாக இருந்தால், அதை அளக்காமல் முன்பக்கத்தை மட்டும் சரிசெய்தால் ஸ்டியரிங் நேராக நிற்காது.

கோட்டை_அகழி | திங்கள், இரவு 9:30

கியர்பாக்ஸ்! ஆமாம் அண்ணா. போன வருடம் கிளட்ச் பேக் மாற்ற இறக்கினார்கள். சப்ஃப்ரேமைத் தளர்த்தித்தான் எடுத்ததாக பில்லில் இருக்கிறது. திரும்பப் பழைய இடத்திலேயே பூட்டக் குறி வைத்தார்களா என்று யாருக்குத் தெரியும். அதற்குப் பிறகு 12,000 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். புதன்கிழமை உங்களிடம் வரலாமா?

பழைய_பானா | திங்கள், இரவு 9:41

காலை எட்டு மணிக்கு வந்துவிடுங்கள், வெயில் ஏறுவதற்குள். சூடான டயரில் காற்று அளந்தால் எல்லாம் தப்பாகும். ஸ்டெப்னியில் வருகிறீர்கள், 60-க்கு மேல் போக வேண்டாம்.

ஏலகிரி14 | திங்கள், இரவு 10:05

சரி, சண்டைக்கு வருகிறேன். புது டயர் ஏன் முன்னால் கூடாது அக்கா?

மாந்தோப்பு | திங்கள், இரவு 10:48

மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்ப மாட்டேன் என்று நேராகப் போகும். ஆக்சிலரேட்டரை விட்டால் எடை முன்னால் வரும், பிடிப்பு திரும்பும். எல்லோருக்கும் இயல்பாக வருவது அதுதான். பின்சக்கரம் வழுக்கினால் வால் சுற்றும். அப்போது பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் வால் இன்னும் லேசாகும், இன்னும் சுற்றும். ஈஎஸ்பி (வழுக்கும்போது சக்கரங்களுக்குத் தானாகப் பிரேக் போடும் வசதி) கொஞ்சம் காப்பாற்றும். ஆனால் தேங்கிய தண்ணீரில் மிதக்கும் டயரை எந்த பிரேக்காலும் பிடிக்க முடியாது. அதனால்தான் டயர் கம்பெனிகளே பட்டன் அதிகமுள்ளதைப் பின்னால் போடச் சொல்கின்றன, முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கும் அதேதான்.

ஏலகிரி14 | திங்கள், இரவு 10:55

ஏலகிரியில் மழையில் ஒருமுறை வால் சுற்றியது. ஒத்துக்கொள்கிறேன். அப்போது புது டயர் முன்னால்தான் இருந்தது.

மக்கன்பேடா | திங்கள், இரவு 10:57

இவ்வளவு நாள் இதைச் சொல்லாமல் எங்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாயே மச்சி.

கோட்டை_அகழி | புதன், இரவு 10:20

முடிந்தது. நீளமாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

அண்ணன் முதலில் மெஷின் பக்கமே போகவில்லை. லிப்டில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இல்லை. அதனால் பேரிங், பால் ஜாயின்ட் சரி. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினார், அதிலும் இல்லை, டை ராட் எண்ட் சரி. பிறகு நெம்பு கம்பியை இடது லோயர் ஆர்முக்கும் சப்ஃப்ரேமுக்கும் நடுவே கொடுத்துத் தள்ளினார். புஷ் வாய் பிளந்த மாதிரி திறந்தது. வலது பக்கமும் விரிசல் ஆரம்பித்திருந்தது. இரண்டு பக்கமும் புது ஆர்ம் போட்டோம். புது ஆர்மின் புஷ் போல்ட்டை வண்டி தொங்கும்போது முறுக்கக் கூடாதாம், எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

அப்புறம் சப்ஃப்ரேம். போல்ட்களைத் தளர்த்தி வலது பக்கம் நகர்த்தினார். நகர்த்தினது கண்ணுக்கே தெரியவில்லை, திரையில் எண் மட்டும் ஓடியது. அந்த போல்ட்கள் முறுக்கும்போது நீள்பவை, ஒருமுறைதான் பயன்படும், அதனால் நான்கும் புதிது.

இறுதி அளவு: கேம்பர் இடது -0°58', வலது -0°52'. அண்ணன் போட்ட கூட்டல் இன்றும் அதே -1°50' வந்தது. பிறகுதான் ஸ்டியரிங்கை நேராக்கிப் பூட்டிவிட்டு டோ. இடது டை ராடின் லாக் நட் துருப்பிடித்து இறுகியிருந்தது. போன முறை யாரும் அதைத் தொடவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வலது பக்கத்தை மட்டும் திருகி மொத்த டோவைப் பச்சைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பின் பீம் நேராக இருக்கிறது, நிம்மதி.

டயர் இரண்டு மட்டும் வாங்கினேன். மிஷலின். ஓரத்தில் 2325, அதாவது 2025-ன் 23-வது வாரத்தில் செய்தது. புதியதைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த 4.5 மி.மீ. ஜோடியை முன்னால் கொண்டுவந்தோம். அவை 2021 டயர்கள், வேலூர் வெயிலில் எப்படியும் அடுத்த வருடம் போய்விடும். அப்போது அடுத்த ஜோடி.

சக்கர போல்ட் மாட்டும்போது பையன் முறுக்கும் கன் எடுத்தான். அண்ணன் போட்ட சத்தம் ஆற்காடு வரை கேட்டிருக்கும். கையால் ஏற்றி, டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர், குறுக்கு வரிசையில்.

பாலாற்று_மணல் | வியாழன், காலை 6:05

பாலத்தில் ஓட்டிப் பார்த்தீர்களா?

கோட்டை_அகழி | வியாழன், காலை 8:30

பார்த்தேன் ஐயா. இப்போது துளி இடது பக்கம் போகிறது! சாலைச் சரிவு என்றார் அண்ணன். சரிவில்லாத இடத்தில் நூல் பிடித்த மாதிரி. 'கடக்' இல்லை.

மக்கன்பேடா | வியாழன், காலை 8:41

நைட்ரஜன் அடித்தாயா?

பழைய_பானா | வியாழன், காலை 9:15

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதிக்குக் காசு கொடுக்க வேண்டாம். பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரில் உள்ள அழுத்தத்தைக் காலை ஆறு மணிக்கு அளந்து வைத்தால் போதும். இங்கே விடியற்காலைக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் வரும் நாட்கள் உண்டு, அது மட்டுமே இரண்டு மூன்று பிஎஸ்ஐ. மதியம் ஓட்டிவந்த சூட்டில் 'கூடியிருக்கிறது' என்று காற்றை இறக்குவார்கள், மறுநாள் காலை குறைந்து நிற்கும், டயரின் இரண்டு ஓரமும் தேயும். அப்புறம் அலைன்மென்ட் சரியில்லை என்று என்னிடமே வருவார்கள்.

ஏலகிரி14 | வியாழன், இரவு 9:20

இதைப் படித்துவிட்டு இன்று என் வண்டியின் சக்கரங்களை முழுக்கத் திருப்பி உள்விளிம்பைப் பார்த்தேன். முன்னால் இரண்டிலும் வெளிவிளிம்புதான் தேய்ந்திருக்கிறது. காரணம் சொல்ல வேண்டாம், தெரியும்.

மாந்தோப்பு | வியாழன், இரவு 9:33

பதினான்கு காரணம்.

கோட்டை_அகழி | ஆறு வாரம் கழித்து, சனி, மாலை 7:10

சின்ன அப்டேட். 2,300 கி.மீ. ஆகிவிட்டது, பெங்களூரு இரண்டு முறை. முன் டயர்களை உள், நடு, வெளி மூன்று இடத்திலும் அளந்தேன். இரண்டு பக்கமும் உள்ளே 4.3, நடுவே 4.3, வெளியே 4.2. முதல் 500 கி.மீ. புது டயரை அதட்டாமல் ஓட்டினேன், மேல்பூச்சு போகும்வரை வழுக்கும் என்றார்கள். இப்போது ஆம்பூர் தாண்டி மழை பிடித்தாலும் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வருகிறது.

பழைய_பானா | சனி, இரவு 8:02

நல்லது தம்பி. அந்தக் கம்பி தெரிந்த பழைய டயர் இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். கடை வாசலில் உள்பக்கம் தெரியும்படி மாட்டி வைக்கிறேன். "வெளியே நல்லாத்தானே இருக்கு" என்று வருகிறவர்களிடம் பேசிப் பேசி வாய் வலிக்கிறது.

கோட்டை_அகழி | சனி, இரவு 8:15

மாடியில் கிடக்கிறது அண்ணா, அம்மா அதில் செடி வைக்க மண் நிரப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கொட்டிவிட்டு எடுத்து வருகிறேன்.